புதிதாய் வந்தவன்

தான் குடியிருக்கும் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் ஒரு கடை வாசலில் மகேசன் காரை நிறுத்தியபோது மூத்தவன் பிருந்தன் அமெரிக்காவிலிருந்து அழைத்தான். அங்கே தன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியை நடத்தும் குவார்ட்டர்பேக் அவன்.

“அப்பா, சனிக்கிழமை நான் பெஞ்சிலயாம். கோச் சொல்லிட்டார்.”

“மூண்டு வருசமா நீதானே விளையாடினனீ?”

“இப்ப கல்லூரி அணிக்கும் காசு குடுத்துத்தானே ஆள் எடுக்கினம். புதுசா வந்தவனுக்கு எட்டு லட்சம் டொலர் குடுத்திருக்கினம். அவ்வளவு காசு குடுத்தவனைச் சும்மா இருத்துவினமோ?”

மகேசனுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. “சாப்பிட்டியோ?” என்று மட்டும் கேட்டார். பிருந்தன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அவர் காரை விட்டு இறங்கவில்லை. மறுபடியும் தொலைபேசி ஒலித்தது. இந்த முறை இளைய மகன் கீதன்; இந்த வருடம்தான் அண்ணனின் கல்லூரி அணியில் சேர்ந்தவன்.

“அப்பா, சனிக்கிழமை நான்தான் குவார்ட்டர்பேக். ஆனா அண்ணா என்னோட கதைக்கிறாரில்லை.”