பழகிடும்

நகரசபைக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஆர்லிஸால் வாயைத் திறக்க முடியாது.

மைக் முன்னால் நிற்பவர் முதலில் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும் என்பது விதி. அவளுடைய முகவரி கர்ட்டிஸ் பிரெக்கியின் வாடகை வீடு. அந்த கர்ட்டிஸ்தான் இப்போது மைக் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

ஜூனில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. ஒற்றைக்கண் கிழட்டு நாயோடு வருகிறவளுக்கு இந்த ஊரில் வேறு யாரும் வீடு தரமாட்டார்கள். ஆகவே வாயைத் திறக்காமல், ஊர் வழக்கப்படி எலுமிச்சை இனிப்பு செய்து எடுத்து வந்திருந்தாள். இரண்டு தகர டப்பாக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, பின்சுவரோரம் காபி மேஜை மேல் இருந்தன. அடியில் அவள் பெயர் ஒட்டியிருந்தது. கூட்டம் முடிந்ததென்று மேயர் சுத்தியலைத் தட்டும் வரை மினசோட்டா மாநிலத்தில் எவரும் பலகாரத்தின் மேல் கை வைக்கமாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும் அப்படித்தான்.

அன்று ஓட்டுக்கு வந்தது சின்னத் தீர்மானம். வருஷத்துக்கு ஒருமுறை நகரசபை ஆள் ஒருவர் வாடகை வீடுகளை நேரில் வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு உறுப்பினர்கள் முன்கூட்டியே சரி என்றிருந்தார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். ஐந்தாவது ஆள் ஹார்டுவேர் கடை டுவேன் ஸ்டென்விக். திருகாணி வாங்க வந்தவரிடம்கூட இதுதான் சரி என்று அடித்துச் சொல்லாத மனுஷர்.

ஜனவரியில் நிலவறை ஹீட்டர் இருமி இருமி அணைந்தபோது ஆர்லிஸ் கோட்டு போட்டுக்கொண்டு தூங்கினாள். பின்வாசல் படி உளுத்துப்போய் அவளுடைய ஒரு காலை உள்ளே விழுங்கியது. எதைச் சொன்னாலும் கர்ட்டிஸிடம் ஒரே மருந்துதான் இருந்தது.

"பழகிடும்."

இப்போது சபையிடம் அதையே கொஞ்சம் இழுத்துச் சொன்னார். "என் வீட்டுல இருக்கறவங்க யாருக்கும் ஒரு குறையும் இல்லீங்க. ஒரு போன் போட்டா ஓடி வந்து..."

கீச்.

குருவிக்குஞ்சு கத்தினாற்போல ஒரே ஒரு சத்தம். எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஆர்லிஸும் பார்த்தாள்.

"...ஓடி வந்து நிப்பேன். இதுக்கு ஒரு அதிகாரி எதுக்கு..."

கீச்.

அமெரிக்காவில் பிறந்த எவருக்கும் அது என்ன சத்தமென்று தெரியும். கூரையில் புகை அலாரம் பேட்டரி கேட்டு அழுகிறது. மேயர் லவான் கண்ணைக் காட்ட, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஏணி கொண்டு வந்து, அலாரத்தைக் கழற்றி, பேட்டரியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

கீச்.

அவர் கையிலிருந்த பேட்டரியைச் சந்தேகமாகப் பார்த்தார். ஏணி அடுத்த அறைக்குப் போனது. அங்கே இருந்ததையும் கழற்றினார். கர்ட்டிஸ் மறுபடி தொடங்கினார். தொடங்கும் இடமாகப் பார்த்து அது கத்தியது. அவருடைய கழுத்து முதலில் சிவந்தது, பிறகு காது. பேச ஒதுக்கிய மூன்று நிமிஷத்தில் பாதி கூரையைப் பார்ப்பதிலேயே போய்விட்டது.

கீச்.

கர்ட்டிஸ் மைக்கை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தே கத்தினார். "இந்தச் சத்தத்துல மனுஷன் எப்படிங்க இருக்கறது? இந்தக் கட்டடத்த வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒருத்தன் வந்து பாக்க மாட்டானா?"

தான் என்ன சொன்னோம் என்று கர்ட்டிஸுக்கே மெல்லத்தான் உறைத்தது.

"அதத்தானே கர்ட்டிஸ், நாங்களும் இவ்வளவு நேரமா பேசிட்டிருக்கோம்," என்றார் மேயர்.

முதலில் சிரித்தது டுவேன். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஓட்டுக்கு விட்டபோது, சிரிப்பைத் துடைத்த கையை அப்படியே உயர்த்தினார். தீர்மானம் நிறைவேறியது.

ஆர்லிஸ் மடியில் கையைக் கோத்து வைத்திருந்தாள். அழுகை வரும்போல இருந்தது. சுத்தியல் விழுந்ததும் எழுந்து போய் மேல் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். கர்ட்டிஸுக்கும் ஒரு துண்டு நீட்டினாள். அவர் அவளைப் பார்க்காமலே வாங்கித் தின்றார்.

ஊர் கலைந்தது. டுவேன் அவளுடைய இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இன்னொண்ணத் திறக்கவே இல்லியே ஆர்லிஸ்."

அவள் பதில் சொல்வதற்குள் டப்பா பதில் சொன்னது.

டுவேன் பழக்கதோஷத்தில் ஒருமுறை கூரையைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். வாசலில் வேறு யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தணித்தார்.

"பேட்டரிய மாத்தினாப் போதுமே இதுக்கு."

"ரெண்டு தடவ மாத்திட்டேன். இதோட ஆயுசே முடிஞ்சுபோச்சாம், பின்னாடி எழுதியிருக்கு. போன வருஷம் பூரா நானும் நாயும் இதுக்குக் கீழதான் தூங்கினோம். பழகிடும்னாரு."

டுவேன் டப்பாவைச் சூடான பாத்திரம் போல இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

"ஆமா, அந்த வீட்டுல எத்தனையோ குறை இருக்குமே, அதுல இத மட்டும் ஏன் எடுத்துட்டு வந்தீங்க?"

ஆர்லிஸ் டப்பாவைக் கோட்டுக்குள் செருகிப் பொத்தான் போட்டாள்.

"ஹீட்டர் டப்பாக்குள்ள போகலியே."