பத்மாவதியின் ஆங்கிலம்

பருத்தித்துறை ஆங்கில வகுப்பில் பத்மாவதிதான் வயதில் மூத்தவள்.

"வெள்ளைக்கார மருமகளோடை சண்டை பிடிக்கவோ, அம்மா?" என்று கூடப் படிக்கும் பெண்கள் பகிடி பண்ணினார்கள்.

"என்ரை பிள்ளைக்காகத்தான்," என்றாள்.

ஒருநாள் கஜானி ரீச்சரிடம் கேட்டாள். "ஆளை வெருட்டிறதுக்கு இங்கிலீசிலை என்ன?"

"இன்ரிமிடேற்."

"மனம் தளர்ந்து போறதுக்கு?"

"டிஸ்கரேஜ்ட். ஏனம்மா, விசா இன்ரவியூவுக்குப் பயமோ?"

பத்மாவதி சிரித்து மழுப்பினாள்.

அடுத்த கிழமை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினரைச் சந்திக்க வெளிநாட்டு அதிகாரி வந்தார். மொழிபெயர்ப்பாளரைக் கையமர்த்திவிட்டு, அவளே ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தேடினால் வெருட்டுகிறார்கள். நான் மனம் தளரவில்லை. அவன் எங்கே?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"அருமையாக ஆங்கிலம் பேசுகிறீர்கள்," என்று கைகொடுத்துவிட்டு, அடுத்த தாயை அழைத்தார்.