ஒரே நம்பர்

“மேடம், நூத்து நாப்பத்து மூணு வழக்கு. எல்லாத்துக்கும் ஒரே செல் நம்பர்!”

திருச்சி கோர்ட்டில் பழைய கம்ப்யூட்டரிலிருந்த வழக்குகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்ற வந்திருந்த ரெஜிஸ், பட்டியலை நீட்டினான்.

அலுவலகத்தைக் கட்டியாளும் சிரஸ்தார் கோதைநாயகி அந்த நம்பரைத் தன் செல்லில் போட்டுப் பார்த்தார். ‘அழகிரி’ என்று பெயர் வந்தது. வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோகும் அழகிரி!

“பெருமாளே! சாதுவா இருந்துண்டு புரோக்கர் வேலையா? இன்னிக்கே ஜட்ஜய்யாவுக்கு ரிப்போர்ட் எழுதறேன். வேலை போனாத்தான் புத்தி வரும்.”

எழுதி முடித்த பிறகே ஆளைக் கூப்பிட்டார். வெளியே தூறல். சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்கத்தில் கோர்ட்டே சொக்கியிருந்தது.

“இது யாரோட நம்பர்?”

“என்னுதுதாம்மா.”

அழகிரி பதறவில்லை. பட்டியலை வாங்கி விரலால் மெல்லத் தடவினார். கண் எங்கேயோ போய்விட்டது.

“சின்னப்பொண்ணு... இவங்க வீட்டுக்கு மேகத்துக்குள்ள நடந்து போகணும்மா. நாய் குரைக்கிறது கேக்கும், வீடு தெரியாது. இது பெரியசாமி... மரவள்ளி வேகுற வாசனைய வச்சே போய்ச் சேர்ந்துடலாம். எல்லாரும் பச்சைமலைக்காரங்க.”

கொஞ்ச நேரம் அந்த அறையே மலைமேல் இருந்தது. கோதைநாயகி தலையை உதறிக்கொண்டார்.

“கனவு காணாதீங்க! அவங்க வழக்குல உங்க நம்பர் ஏன் வந்தது?”

“அவங்ககிட்ட போன் இல்லம்மா. நம்பர் இல்லேன்னா பழைய கம்ப்யூட்டர் மனுவையே ஏத்துக்கல. திரும்பிப் போகச் சொன்னாங்க. மனசு கேக்கல, என் நம்பரப் போடச் சொன்னேன்.”

“அப்போ வாய்தா தேதி உங்களுக்குத்தானே வரும்? அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சீட்டுல எழுதி மலை பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்துடுவேன். பஸ் போகாத நாள்ல நானே போயிடுவேன்.”

நம்பாமல் ரெஜிஸ் பக்கம் திரும்பினார் கோதைநாயகி. “இதுல ஆள் வராததால தள்ளுபடியானது எத்தனை?”

ரெஜிஸ் தட்டினான். சந்தேகப்பட்டு மறுபடியும் தட்டினான்.

“ஒண்ணுகூட இல்ல மேடம்.”

ரிப்போர்ட்டை நாலாகக் கிழித்துப் போட்டார் கோதைநாயகி. அழகிரியின் முகத்தைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“ஆனா மேடம், புது சிஸ்டம் ஒரு நம்பருக்கு நூறு வழக்குதான் ஏத்துக்கும். மீதி நாப்பத்து மூணுக்கு என்ன பண்றது?”

“என் நம்பரப் போடுங்க” என்ற கோதைநாயகி, பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்:

“அழகிரி, அந்த மலை பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்?”