அவரே துவைத்துக்கொண்டார்

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முழுதாக உட்கார முடியவில்லை.

டாக்டருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவள், ஆசனவாயில் இந்தக் கசிவு எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டாள்.

"இப்பத்தான். ஒரு மாசமா இருக்கும்" என்றார், தரையைப் பார்த்து.

பக்கத்தில் நின்ற பூரணி கணவனைப் பார்த்தாள். கசிவு என்பதையே அவள் இப்போதுதான் கேட்கிறாள். மூலம் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தார்.

டவுன் பஸ் ஓட்டுகிறவர். வாழ்நாளெல்லாம் இன்ஜின் சூட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்தவர். டெப்போவில் பாதிப் பேருக்கு மூலம் உண்டு. துத்திக்கீரை கேட்டார், வதக்கிக் கொடுத்தாள். மோர் கேட்டார், கொடுத்தாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். சளி மாதிரியோ சீழ் மாதிரியோ கசிவதற்கு மூலமே காரணமாக இருக்கலாம். வெடிப்போ பௌத்திரமோ இருக்கலாம். கிருமித் தொற்று, குடல் புண் என்றும் வரும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமிருக்காது. ஆனால் இவருக்கு உள்ளே ஒரு கட்டி விரலில் தட்டுப்படுகிறது. சதையெடுத்துப் பார்க்க வேண்டும்.

"அதனாலதான் திரும்பக் கேக்குறேன். கூச்சப்படாம சொல்லுங்க. உள்துணியில எப்பலேர்ந்து கறை படுது?"

அவர் மறுபடியும் தரையைப் பார்த்தார்.

உள்துணி என்றதும் பூரணிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு காலையில் அவர் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட அலசியறியாத மனிதர். உனக்கு முட்டி வலி, என் துணியை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அவள் பூரித்துப்போனாள்.

தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். மாடி வீட்டு ரோஸ்லினிடம் சொன்னாள். சம்பந்தியம்மாளிடம், இந்த வயசிலாவது பொண்டாட்டி கஷ்டம் தெரிஞ்சுதே என்று சொல்லிச் சிரித்தாள்.

கொடியில் நல்ல வெயில் விழும் இடத்தை அவருக்கென்று விட்டுவைத்தாள். அவர் அங்கே காயப்போடவில்லை. அறைக்கதவுக்குப் பின்னால் போட்டார்.

ஏனென்று அவள் கேட்கவில்லை.

"தீபாவளிக்கு முன்னாடியிலேர்ந்து" என்றாள் பூரணி.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அப்போதே வந்திருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. குனிந்து எழுதினாள்.

ரத்தப் பரிசோதனைக்குப் பெஞ்சில் காத்திருந்தார்கள். அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

"எல்லாம் தெரிஞ்சும், எனக்கு மானக்கேடா இருக்கும்னுதானே கேக்காம இருந்த."

அந்தக் குரலில் கோபமில்லை. நன்றி இருந்தது.

இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

பூரணி ஆமென்று தலையை ஆட்டினாள்.