வடியவிட்ட மண்

திங்கட்கிழமைக் காலை. ஹனோவரில் வெளிச்சம் சாம்பல் நிறத்தில்தான் வருகிறது. ஆய்வுகூடத்து ஜன்னலோரம் இடுப்புயரத்துக்கு இரண்டு கண்ணாடிக் குழாய்கள் நிற்கின்றன. இரண்டிலும் சுமாத்ராவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து வந்த கறுப்புச் சதுப்பு மண். ஒன்றில் எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கும். மற்றதைத் தோட்டக்காரர்கள் செய்வதுபோலவே வடியவிட்டு ஏழு மாதமாகிறது. தண்ணீர் போன இடத்தில் காற்றுப் புகுந்து மண் உக்கி, கரியமில வாயுவாகப் போய்ப்போய், நாலு விரல் இறங்கிவிட்டது. இன்று அதிலும் தண்ணீர் தளும்புகிறது. வாயுவை அளக்கும் கருவியின் திரையில் அதன் அளவு பாதிக்குக் கீழே விழுந்திருக்கிறது. இந்த ஆய்வைச் செய்யும் சிவப்பிரியா மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏழு மாதத்தையும் இனி முதலிலிருந்து தொடங்கவேண்டும். தரை துடைக்க வந்த பிரபாலினி வாசலில் நின்று சிரிக்கிறாள். “வெள்ளிக்கிழமை பாத்தன், இது மட்டும் காஞ்சு வெடிச்சுக் கிடந்தது. நீங்கள் மறந்துபோனியளாக்கும் எண்டு நான்தான் தண்ணி விட்டனான்.” சிவப்பிரியாவுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. “இது காயத்தான் வேணும் அக்கா. காஞ்சா எவ்வளவு வாயு போகுது எண்டுதான் அளக்கிறம்.” “தண்ணி விட்டா?” “குறைஞ்சிடும்.” “அப்ப நல்லதுதானே?” சிவப்பிரியா குனிந்து, குழாயின் அடியிலுள்ள திருகைத் திறக்கிறாள். சாயத்தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டத் தொடங்குகிறது. தரை நனையாமலிருக்க, பிரபாலினி தன் வாளியைக் கொண்டுவந்து கீழே வைக்கிறாள்.