சாடியில் சீறிய ஈரல்பாசி

அருவியோரப் பாறை ஒன்றில் பொடி இலைகள் கொண்ட ஈரல்பாசி படர்ந்திருந்தது. செடி சேகரிக்கும் தேவசகாயம் அதை மொத்தமாகச் சுரண்டினார். ஒரு கைப்பிடியைக் கண்ணாடிச் சாடியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வேறு யாருக்கும் கிடைக்காதபடி வெயிலில் வீசினார்.

"நான் தண்ணீர் தெளிக்காவிட்டால் நீ செத்திருப்பாய். ஒரு நன்றியாவது சொல்லேன்," என்றது சாடியருகே இருந்த தண்ணீர் தெளிப்பான்.

"நன்றியா? பாறையில் எனக்கு மழை சும்மாதான் பெய்தது!" என்று பாசி சீறியது.

ஒருநாள் ஒரு பெண் வந்து, "பாறையில் திரும்ப வளர்க்க ஒரு துண்டு கொடுங்கள்," என்று கேட்டாள்.

"எல்லா இடத்திலும் வளர்ந்தால் அப்புறம் இதற்கு என்ன மதிப்பு?" என்று தேவசகாயம் மறுத்துவிட்டார்.

பாசிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தன்னோடு சாடிக்குள் வந்து, தன்னைத் தின்றுகொண்டிருந்த குட்டி நத்தையிடம், "என்னில் ஒரு துண்டைப் பிய்த்து உன் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வெளியே போ," என்றது.

"மூடியிருக்கிறதே, எப்படிப் போவது?"

"அவர் கண்ணில் படு, போதும்."

ஓட்டில் ஒட்டிய துண்டோடு நத்தை கண்ணாடியில் ஏறியது. "என் பாசியையா தின்கிறாய்?" என்று கத்திய தேவசகாயம், மூடியைத் திறந்து நத்தையைப் பிடுங்கி, ஜன்னல் வழியே ஓடையில் எறிந்தார்.

அங்கே ஒரு கல்லைப் பற்றிக்கொண்ட அந்தத் துண்டு, யாரும் தண்ணீர் தெளிக்காமலே வளர்ந்தது.