மோதிரம் கழட்டினால்தான் கையுறை

"மோதிரத்தைக் கழட்டி இந்தப் பைக்குள்ள போட்டாத்தானுங்க தம்பி கையுறை" என்றாள் ராமாத்தாள்.

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ பக்கத்தில் ஒரு மின்சாரக் கம்பெனி. கரண்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹெல்மெட், ரப்பர் கையுறை, தீப்பிடிக்காத சட்டை எல்லாம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் அவள் பொறுப்பு. ஈரோட்டுக்காரி. பேச்சில் அத்தனை மரியாதை இருக்கும். கறாரும் அதே அளவுக்கு இருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற சபரிக்கு அன்றைக்கு முக்கியமான நாள். இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, முதல் தடவையாக ஒரு சப் ஸ்டேஷன் வேலைக்கு அவனை டீம் லீடாகப் போட்டிருந்தார்கள். டிரக்கில் நாலு பேர் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் adjust பண்ணிக்குங்க. அதுக்கு மேலதானே கையுறை போடப் போறேன்? மோதிரம் வெளிய தெரியவே தெரியாது."

"கரண்டுக்குத் தெரியுமுங்க."

"கல்யாணமாகி எட்டு மாசம்தான் ஆகுது. போன வாரம் ஜிம்ல கழட்டி வெச்சு மறந்துட்டு வந்துட்டேன். விஷாகா ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. இனிமே கழட்டவே மாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்."

சத்தியம் பண்ணிய பிறகு இத்தனை நாளும் ட்ரெயினிங் வகுப்பில் உட்கார்ந்திருந்ததால் பிரச்சினை வரவில்லை. இன்றைக்கு வந்துவிட்டது.

"ரப்பர் மோதிரம் வாங்கிப் போட்டுக்கலாமல்லங்க? இங்க பாதிப் பேரு அதான் போடறாங்க."

"வாங்கினேனே! 'என்ன இது, தண்ணிக் குழாய்க்குப் போடற வாஷர் மாதிரி'ன்னு குப்பையில போட்டுட்டா."

ராமாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பையை நீட்டிய கையை மட்டும் இறக்கவில்லை. பையின் மேல் சபரி என்று பேர்கூட எழுதியாகிவிட்டது.

"முடியலைன்னா சொல்லிருங்க தம்பி. அகிலன் மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துட்டு ரெடியா நிக்கறாரு. இன்னிக்கு அவரு லீடு பண்ணட்டும். நீங்க ஆபீஸ்ல உக்காந்து பேப்பர் வேலை பாருங்க."

லீடு வேலைக்குத் தன்னோடு போட்டி போட்ட அகிலன் பேரைக் கேட்டதும் சபரிக்குச் சுருக்கென்றது.

"ரூல்ஸெல்லாம் எங்களுக்கு மட்டும்தானாக்கா?"

"என்னங்க?"

"வெள்ளிக்கிழமையானா inspection-னு நீங்களும்தான் யார்டுக்குள்ள வர்றீங்க. கழுத்துல தாலியோட! நானும் உங்க பக்கத்துக் கோயமுத்தூர்க்காரன்தான். காலர்ல மஞ்சக் கயிறு எட்டிப் பாக்குது. நுனியில தங்கம் தொங்கும்னு எனக்குத் தெரியாதா? உங்க தாலின்னா sentiment, என் மோதிரம்னா வெறும் உலோகமா? நான் safety line-க்கு போன் பண்ணி complaint பண்ணப் போறேன்."

சொல்லி முடித்த பிறகு, கொஞ்சம் ஓவராகப் போய்விட்டோமோ என்று அவனுக்கே தோன்றியது. ஒரு பெண்ணிடம் தாலியைப் பற்றியா இப்படிக் கேட்பது? ஆனாலும் கேள்வி நியாயம்தானே என்று விறைப்பாக நின்றான்.

"தாராளமாப் பண்ணுங்க. நம்பரு அந்தச் செவுத்துலயே ஒட்டியிருக்குது" என்றாள். பிறகு காலருக்குள் கைவிட்டுக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள்.

நுனியில் தங்கம் இல்லை. காய்ந்த மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்று கட்டியிருந்தது.

தாலியை அடகு வைக்கிற அளவுக்குக் கஷ்டம் வந்த வீடுகளில்தான் இப்படி மஞ்சளைக் கட்டிக்கொள்வதைச் சபரி பார்த்திருக்கிறான்.

"தங்கம்... எங்கக்கா?"

"பேங்க் லாக்கர்ல தூங்குது. இந்த ஸ்டோருக்கு வந்த மொத வாரமே கழட்டிட்டனுங்க. ஆறு வருசமாச்சு."

"மஞ்சள்ல கரண்ட் பாயாதா?" அசட்டுத்தனமாகக் கேட்டான்.

"நம்ம டெஸ்ட் லேப்ல குடுத்துப் பாத்துட்டுத்தானுங்க கட்டிக்கிட்டேன். கயிறும் சுத்தப் பருத்தி. நைலானா இருந்தா சூட்டுல உருகி ஒட்டிக்கும்."

சபரி மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றிப் பைக்குள் போட்டான். ராமாத்தாள் கையுறைகளை எடுத்துத் தேதி பார்த்து, உள்ளே காற்றை அடைத்து அமுக்கி, எங்கேயும் ஓட்டை இல்லை என்று தெரிந்த பிறகு நீட்டினாள்.

"விஷாகாகிட்ட நான் பேசறனுங்க. சாயங்காலம் போன் போட்டுக் குடுங்க."

"சாரிக்கா. தெரியாம பேசிட்டேன். ஆனா கோயிலுக்குப் போறப்பவாவது தங்கத்தைப் போட்டுக்கலாமே?"

"கழட்டறதும் மாட்டறதுமா இருந்தா ஒரு நா மறந்துருவனுங்க. அன்னிக்குப் பாத்து நீங்க வந்து கேட்டீங்கன்னா?"

சபரி வெட்கத்தோடு சிரித்தான்.

"கோயில்லதான் ரெண்டு அம்மணிக, எங்க வீட்டுக்காரரு தாலிய வித்துத் தின்னுட்டாருன்னு பேசிக்கிறாங்க. அவரைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க."

"ஐயய்யோ! அவர் ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"என்னத்தச் சொல்றாரு, சிரிக்கறாரு! 'எம்பேரு கெட்டாக் கெடட்டும் புள்ள, உன்ற ஸ்டோருக்கு வர்ற பசங்க சாயங்காலம் பத்து வெரலோட வீடு போய்ச் சேந்தாச் செரி'ங்கறாரு."